ஐரோப்பிய இலக்கிய இயக்கங்கள்: எந்த வரிசையில் படிப்பது, எங்கே தடுக்கி விழுகிறோம்

இலக்கிய இயக்கங்களைப் படிக்கத் தொடங்கும் மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது ஒன்றுதான். நோட்டில் இயக்கத்தின் பெயரை எழுதி, அதன் கீழே பண்புகளை வரிசையாகப் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் முன்பின் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து ‘இது எந்த இயக்கம், ஏன்?’ என்று கேட்டால் அந்தப் பட்டியல் காலை வாரிவிடுகிறது. ‘தனிமனித உணர்ச்சிக்கு முதலிடம்’ என்ற ஒரு வரி ரொமாண்டிக் கவிதைக்கும் பொருந்தும், குறியீட்டுக் கவிதைக்கும் பொருந்தும், நவீனத்துவ நாவலுக்கும் பொருந்தும்.

அதனால் இங்கே வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். முதலில் நாடும் ஆண்டும், அடுத்து யார் யாரோடு மோதினார்கள் என்பது, பிறகு ஒரு படைப்பு, அதற்கும் பிறகுதான் இயக்கத்தின் அறிக்கை. பண்புப் பட்டியல் கடைசியில் வரும். அதையும் நீங்களேதான் எழுதப்போகிறீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பெரிய சார்ட் தாள், இரண்டு வரைபடங்கள். ஒன்று இன்றைய ஐரோப்பா, இன்னொன்று 1815-ஐ ஒட்டிய ஐரோப்பா. இரண்டாவது எதற்கு என்று கேட்பார்கள். அந்த வரைபடத்தில் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. அது 1871-ல்தான் ஒன்றானது. இத்தாலி 1861-ல். போலந்தை 1795-க்குள் மூன்று அண்டை அரசுகள் பங்குபோட்டு முடித்திருந்தன. ‘ஜெர்மன் ரொமாண்டிசிசம்’ என்று படிக்கும்போது அது ஒரு நாட்டின் பெயர் அல்ல, ஒரு மொழியின் பெயர் என்பது இந்தப் படத்தைப் பார்த்தால்தான் உறைக்கும்.

வரலாற்றில் ஐந்து ஆண்டுகள் போதும்: குட்டன்பர்க் விவிலியத்தை அச்சிட்ட 1455 வாக்கில், பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789, ஐரோப்பா முழுக்கக் கிளர்ச்சிகள் எழுந்து அடங்கிய 1848, முதல் உலகப் போர் தொடங்கிய 1914, இரண்டாம் போர் முடிந்த 1945. இவற்றைச் சார்ட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து வையுங்கள். மற்ற ஆண்டுகள் எல்லாம் இந்தக் கோடுகளுக்கு முன்னா பின்னா என்றுதான் நினைவில் நிற்கும்.

கொஞ்சம் கிரேக்கப் புராணமும் கொஞ்சம் விவிலியமும் தெரிந்திருக்க வேண்டும். ப்ரோமிதியஸ், ஆர்ஃபியஸ், ஒடிசியஸ், ஃபேட்ரா. அந்தப் பக்கம் காயீன்–ஆபேல், யோபு, ஊதாரி மைந்தன். ஒவ்வொன்றும் ஒரு பக்கச் சுருக்கமாகத் தெரிந்தால் போதும். இவை இல்லாமல் ரஸீனின் நாடகமும் ஜாய்ஸின் நாவலும் பாதிதான் புரியும்.

நூல்களுக்குப் பெரிய செலவு வராது. பழைய படைப்புகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். தமிழிலும் நல்ல வாசல்கள் உண்டு. காம்யுவின் ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகச் செய்தது. காஃப்காவின் ‘விசாரணை’யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து கொண்டுவந்தார். தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. முதல் வாசிப்பைத் தமிழில் முடித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நேரம்தான் மிச்சம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ரொமாண்டிசிசம், கற்பனாவாதம், புனைவியல் என்று மூன்று தமிழ் நூல்கள் மூன்று பெயர் வைத்திருக்கும். மூன்றும் ஒன்றே. நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு பெயரை முடிவு செய்து எழுதிவிட்டுத் தொடருங்கள்.

2. நாடுவாரியாகக் காலக்கோடு போடுங்கள்

சார்ட்டில் இடமிருந்து வலமாக ஆறு பத்திகள்: இத்தாலி–ஸ்பெயின், பிரான்ஸ், இங்கிலாந்து, ஜெர்மன் மொழிப் பகுதி, ரஷ்யா–போலந்து, ஸ்காண்டிநேவியா. ஒரே ஒரு நீண்ட கோடு போட்டு ‘மறுமலர்ச்சி, செவ்வியல், அறிவொளி, ரொமாண்டிக்’ என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஒரு இயக்கம் எல்லா நாட்டிலும் ஒரே ஆண்டில் வந்து இறங்குவதில்லை.

ரொமாண்டிசிசத்தையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் மாணவர்கள் ‘1798 முதல் 1832 வரை’ என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். அது இங்கிலாந்துக் கணக்கு. 1798-ல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து கவிதைத் தொகுப்பு வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜெர்மன் மொழிப் பகுதியில் ஷ்லேகல் சகோதரர்கள் ‘அதெனேயம்’ என்ற ரொமாண்டிக் இதழைத் தொடங்கினார்கள். பிரான்ஸில் ரொமாண்டிக் நாடகம் மேடையைப் பிடித்தது 1830 பிப்ரவரி 25 அன்று, விக்தர் ஹ்யூகோவின் ‘எர்னானி’யோடு. அதற்குள் கீட்ஸ், ஷெல்லி, பைரன் மூவருமே இறந்துபோயிருந்தார்கள். இங்கிலாந்துத் தேதியைப் பிரான்ஸுக்கு ஒட்டினால் ஹ்யூகோவுக்கு மிஞ்சுவது இரண்டே வருடம்!

போலந்துப் பத்தியில் 1822 என்று எழுதி, பக்கத்தில் அந்த ஆண்டு முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்ட கவிஞர் மிக்கியேவிச்சின் பெயரைப் போடுங்கள். அவருடைய பெருங்காவியமான ‘பான் ததேயுஷ்’ 1834-ல் வெளிவந்தது பாரிஸில், வார்சாவில் அல்ல. நாடே இல்லாதவர்களின் ரொமாண்டிசிசம் தேசத்தைப் பற்றியதாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. 1815 வரைபடம் இங்கே கைகொடுக்கும்.

இந்தப் படியில் அதிகம் பேர் விழுகிற குழி ஜெர்மன் எழுத்தாளர் கதே. ஆங்கிலப் பாடநூல்கள் அவரை ரொமாண்டிக் என்று போட்டுவிடும். ஜெர்மன் இலக்கிய வரலாறுகளில் அவர் 1774-ல் ‘வெர்தர்’ எழுதியபோது ‘புயலும் உந்துதலும்’ (உணர்ச்சிக்கு முதலிடம் தந்த, ரொமாண்டிசிசத்துக்கு முந்திய ஜெர்மன் இளைஞர் இயக்கம்) இயக்கத்துக்காரர். பிறகு ஷில்லரோடு சேர்ந்து வைமர் செவ்வியலின் தூண். அவர் வைமரில் செவ்வியல் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி யேனா நகரில் ரொமாண்டிக்குகள் கூடிக்கொண்டிருந்தார்கள். சார்ட்டில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். ஒன்று முடிந்து மற்றது வந்தது என்று அம்புக்குறி போடாதீர்கள்.

3. ஒவ்வொரு பெட்டிக்கும் ‘யாருக்கு எதிராக?’ என்று கேளுங்கள்

பெட்டிகளைப் போட்டாயிற்று. இனி ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வரி: இவர்கள் யாரோடு மோதினார்கள்? பண்புகளை விட்டு மோதலைப் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம், பண்புகள் எல்லாம் அந்த மோதலிலிருந்து பிறந்தவை. மோதல் தெரிந்தால் பண்புகளை ஊகித்துவிடலாம். பண்பு மட்டும் தெரிந்தால் மோதலை ஊகிக்க முடியாது.

பிரெஞ்சுச் செவ்வியலில் ஆரம்பியுங்கள், அங்கே விதிகள் வெளிப்படையாக இருக்கின்றன. ஒரு நாடகம் ஒரே கதையை, ஒரே இடத்தில், ஒரே நாளுக்குள் சொல்ல வேண்டும். 1637-ல் கொர்னெயின் ‘ல சித்’ மேடையேறி மக்கள் கொண்டாடியபோது, இரண்டு ஆண்டுக்கு முன்புதான் தொடங்கியிருந்த பிரெஞ்சு அகாதெமி அதைக் குறை சொல்லி அறிக்கை விட்டது. ஒரு நாளுக்குள் இத்தனை நிகழ்ச்சிகள் நடக்குமா? தன் தகப்பனைக் கொன்றவனை ஒரு பெண் மணக்கலாமா?

இனி ‘எர்னானி’யின் முதல் இரவுக்கு வாருங்கள். செவ்வியல் செய்யுளில் பன்னிரண்டு அசை கொண்ட அடியின் முடிவில் வாக்கியமும் ஓரளவு நிற்க வேண்டும். ஹ்யூகோ நாடகத்தின் தொடக்கத்திலேயே ‘மறைவான மாடிப்படி’ என்ற தொடரை உடைத்தார். ‘மாடிப்படி’ ஓர் அடியின் கடைசியிலும், பிரெஞ்சில் பெயருக்குப் பின்னால் வரும் ‘மறைவான’ அடுத்த அடியின் தலையிலும் விழுந்தன. அந்த ஓர் அடைமொழிக்காக அரங்கில் கூச்சல். தியோஃபில் கோத்தியே என்ற இளைஞர் சிவப்பு வெயிஸ்ட்கோட்டோடு வந்து ஹ்யூகோ பக்கம் நின்று கைதட்டியது இன்றுவரை பேசப்படுகிறது. ‘விதிகளை மீறுதல்’ என்று பண்புப் பட்டியலில் நீங்கள் எழுதும் இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருப்பது இந்த மாடிப்படிதான். தேர்வில் இதை எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே எழுதலாம். அறிவொளிக்காரர்கள் மூடநம்பிக்கையோடும், ‘நடப்பதெல்லாம் நன்மைக்கே’ என்ற தத்துவத்தோடும் மோதினார்கள். 1755-ல் லிஸ்பனைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் வால்டேரின் ‘காந்தீது’க்குள் (1759) அப்படியே வருகிறது. யதார்த்தவாதிகள் ரொமாண்டிக் கனவோடு மோதினார்கள். குறியீட்டுக் கவிஞர்கள் இயற்கைவாதத்தின் அப்பட்டமான விவரிப்போடு மோதினார்கள். ஒரு வரிக்கு மேல் போனால் நீங்கள் பாடநூலைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று அர்த்தம்.

4. ஒவ்வொரு இயக்கத்துக்கும் சின்னதாக ஒரு படைப்பு

பெரிய நூலில் ஆரம்பிப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. ‘நவீனத்துவம் படிக்கிறேன்’ என்று ‘யுலிசிஸ்’ஸைத் திறந்தவர்கள் பலர் மூன்றாம் அத்தியாயத்தோடு இயக்கத்தையே கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்தில் முடிகிற படைப்பாக எடுத்துக்கொண்டால் இயக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட மனதில் இடம் இருக்கும்.

என் பரிந்துரை இது. செவ்வியலுக்கு மொலியேரின் ‘தர்த்தூஃப்’. அறிவொளிக்கு ‘காந்தீது’. ரொமாண்டிசிசத்துக்கு ‘வெர்தர்’ (கறாராகச் சொன்னால் அது முன்னோடி, ஆனாலும் வழியைக் காட்டிவிடும்), கூடவே கீட்ஸின் இரண்டு கவிதைகள். யதார்த்தவாதத்துக்கு ஃப்ளாபேரின் ‘ஓர் எளிய உள்ளம்’ என்ற நெடுங்கதையும் செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’யும். இயற்கைவாதத்துக்கு ஸ்டிரிண்ட்பெர்கின் ‘மிஸ் ஜூலி’, முன்னுரையோடு. குறியீட்டியலுக்கு போதலேரின் ‘ஒத்திசைவுகள்’, வெர்லேனின் சில கவிதைகள். நவீனத்துவத்துக்கு காஃப்காவின் ‘உருமாற்றம்’. அபத்த நாடகத்துக்கு அயனெஸ்கோவின் ‘மொட்டைத் தலைப் பாடகி’, சிரித்துக்கொண்டே முடித்துவிடலாம்.

பாடநூலின் அத்தியாயத்தைப் படைப்புக்கு முன்னால் படிக்காதீர்கள். படித்துவிட்டால் அது சொன்னதை மட்டுமே படைப்பில் தேடுவீர்கள், கண்டும் பிடிப்பீர்கள்.

5. ஒரு காட்சியையாவது கண்ணருகில் வைத்துப் பாருங்கள்

மற்ற படிகளை அவசரத்தில் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள். இயக்கம் வாக்கியத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிவது இங்கேதான்.

எடுத்துக்காட்டாக ஃப்ளாபேரின் ‘மதாம் போவாரி’ நாவலின் இரண்டாம் பாகத்தில் வரும் விவசாயக் கண்காட்சி. நகர மன்றக் கட்டடத்தின் மாடி ஜன்னலோரம் நாவலின் நாயகியான எம்மாவும், மணமான அவளை மயக்கப் பார்க்கும் ரொடோல்ஃபும் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே மேடையில் பிரமுகர்களின் பேச்சும் பரிசளிப்பும். மாடியில் ரொடோல்ஃப் விதி, ஆன்மாக்களின் ஈர்ப்பு, பிரிய முடியாத பந்தம் என்று உருகிக்கொண்டிருக்கிறான். ஃப்ளாபேர் இரண்டையும் வெட்டி வெட்டி மாற்றி வைக்கிறார். அவன் எத்தனையோ தடவை போய்விட நினைத்தும் உன்னைவிட்டுப் போக முடியவில்லை என்கிறான். அடுத்த வரியில் கீழேயிருந்து அறிவிப்பு: எருவுக்கான பரிசு.

இங்கே ஆசிரியர் ‘இந்தக் காதல் போலி’ என்று எங்கும் சொல்லவில்லை. பக்கத்தில் எருவை வைத்தார், அவ்வளவுதான். ரொடோல்ஃப் பேசுவது ரொமாண்டிக் நூல்களின் மொழி; எம்மா கன்னிமடத்துப் பள்ளி நாள்களில் படித்துப் படித்து ஏங்கியதும் அதே மொழி. மூன்றாம் படியில் ‘யதார்த்தவாதம், ரொமாண்டிக் கனவுக்கு எதிராக’ என்று எழுதினீர்களே, அந்த மோதல் இதோ இரண்டே வரியில். அதே காட்சியில் ஒரே பண்ணையில் 54 ஆண்டு உழைத்த கிழவி ஒருத்திக்கு 25 ஃப்ராங்க் மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம் கொடுக்கிறார்கள். எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். யதார்த்தவாத நாவல்களில் எண்கள் அலங்காரமாக வருவதில்லை. பால்சாக்கின் ‘கோரியோ கிழவர்’ விடுதிக்கு முதலில் ஆண்டுக்கு 1200 ஃப்ராங்க் கொடுக்கிறார், பிறகு 900 ஃப்ராங்க் அறைக்கு மாறுகிறார், கடைசியில் மேல்மாடியில் மாதம் 45. அவருடைய வீழ்ச்சி முழுவதையும் வாடகையே சொல்லிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் இதே நாவலில் பாருங்கள்: யார் பேசுகிறார்கள் என்று தெரியாத வாக்கியங்கள். எம்மாவின் நினைப்பை ‘என்று அவள் நினைத்தாள்’ என்ற ஒட்டு இல்லாமல், கதைசொல்லியின் இலக்கணத்திலேயே ஃப்ளாபேர் எழுதுவார். 1857 ஜனவரியில் இந்த நாவல் ஒழுக்கக்கேடு என்று பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போனபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எர்னெஸ்ட் பினார், எம்மாவின் பரவசத்தை ஆசிரியரின் கருத்தாகவே எடுத்துக்கொண்டு, கள்ள உறவை இந்த நூல் புகழ்கிறது என்றார். அவளைக் கண்டிக்கத் தகுதியுள்ள ஒருவர்கூட நாவலில் இல்லை என்றும் வாதிட்டார். பிப்ரவரியில் ஃப்ளாபேருக்கு விடுதலை. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே பினார் போதலேரின் ‘தீமையின் மலர்கள்’ மீது வழக்கு நடத்தினார். இந்த முறை தண்டனை: 300 ஃப்ராங்க் அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அந்தத் தீர்ப்பு ரத்தாக 1949 ஆனது.

இந்த இரண்டு வழக்குகளையும் சார்ட்டில் ஒரே இடத்தில் குறியுங்கள். இருவரும் 1821-ல் பிறந்தவர்கள். வழக்குகள் நடந்தது ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரே அரசு வழக்கறிஞர். ஒருவரை யதார்த்தவாதத்திலும் மற்றவரைக் குறியீட்டியலின் வாசலிலும் வைக்கிறோம். ஒரே தலைமுறைக்குள் இரண்டு இயக்கங்கள் ஓடும் என்பதற்கு இதைவிட எளிதில் மறக்காத சான்று எனக்குத் தெரியாது.

6. அப்புறம்தான் அறிக்கை

படைப்பைப் படித்த பிறகு அந்த இயக்கத்தார் தங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று பாருங்கள். முதலில் அறிக்கையைப் படித்தால் அதை நம்பிவிடுவோம். பிறகு படித்தால் சொன்னதையும் செய்ததையும் ஒப்பிட முடியும்.

அறிக்கைகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வேர்ட்ஸ்வொர்த்தின் முன்னுரை, கோல்ரிட்ஜோடு வெளியிட்ட அந்தக் கவிதைத் தொகுப்பின் 1800-ல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது (1798 பதிப்பில் அது இல்லை; இதைத் தவறாக எழுதுவோர் ஏராளம்). ஹ்யூகோ ‘குரோம்வெல்’ நாடகத்துக்கு எழுதிய முன்னுரை 1827. ஜோலா ‘தெரேஸ் ரகேன்’ இரண்டாம் பதிப்புக்கு எழுதியது 1868. குறியீட்டியலுக்கு ழான் மோரெயாஸ் எழுதிய அறிக்கை 1886 செப்டம்பர் 18 அன்று ‘ல ஃபிகாரோ’ நாளிதழில். எதிர்காலவாதத்துக்கு மரினெட்டி எழுதியதும் 1909 பிப்ரவரி 20 அன்று அதே நாளிதழில். பிரெத்தோனின் சர்ரியலிச அறிக்கை 1924.

இதைப் படிக்கும்போதே இயக்கங்களை இரண்டாகப் பிரியுங்கள்: தாங்களே பெயர் வைத்துக்கொண்டவை, பின்னால் வந்தவர்கள் பெயர் வைத்தவை. மறுமலர்ச்சி இரண்டாவது வகை. மிஷ்லே, புர்க்ஹார்ட் போன்ற 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்களால்தான் அந்தப் பெயர் ஒரு காலகட்டத்தின் பெயராக நிலைத்தது. தன்னை ‘மறுமலர்ச்சிக்காரன்’ என்று 14-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் எங்கும் அறிமுகம் செய்துகொண்டதில்லை. ‘அபத்த நாடகம்’ என்ற பெயரும் அப்படியே. பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ பாரிஸில் மேடையேறியது 1953 ஜனவரியில். விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் தன் நூலில் அந்தப் பெயரைச் சூட்டியது 1961-ல். ஆகவே ‘அபத்த நாடக ஆசிரியர்கள் ஒன்றுகூடி மொழியை உடைக்க முடிவு செய்தனர்’ என்று எழுதினால் அது பிழை. அவர்கள் ஒரு குழுவே அல்ல. காம்யுவும் தன்னை இருத்தலியல்வாதி (எக்ஸிஸ்டென்ஷியலிஸ்ட்) என்று அழைப்பதை மறுத்தவர். விடையில் அவரைச் சேர்க்கலாம், ஆனால் அந்த மறுப்பையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அறிக்கைகள் மிகைப்படுத்தும், அது அவற்றின் குணம். நாவலாசிரியன் சோதனைக்கூட விஞ்ஞானியைப் போன்றவன் என்று ஜோலா 1880-ல் எழுதினார். மருத்துவர் க்ளோத் பெர்னாரின் 1865-ஆம் ஆண்டு நூல் அவருக்கு ஆதாரம். ஆனால் சோதனைக் குழாயில் வருவதை விஞ்ஞானி தீர்மானிப்பதில்லை. நாவலில் யார் சாக வேண்டும் என்பதை ஜோலாதான் தீர்மானிக்கிறார். என்னைக் கேட்டால் ‘ஜெர்மினல்’ பெரிய நாவலாக நிற்பது அந்தக் கோட்பாட்டால் அல்ல. 1884-ல் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அன்சேன் சுரங்கப் பகுதிக்கே போய் குறிப்பெடுத்தாரே, அதனால்தான்.

7. யதார்த்தவாதமா, இயற்கைவாதமா?

இதற்குத் தனிப் படி கொடுக்கக் காரணம், இங்கே குழம்பாத மாணவரை நான் பார்த்ததில்லை. ‘இயற்கைவாதம் என்பது மிகைப்படுத்திய யதார்த்தவாதம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மரம், மலை, ஆறு பற்றிய எழுத்து என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வேர்ட்ஸ்வொர்த்கூட இயற்கைவாதிதான்.

ஒரே கேள்வி போதும்: பாத்திரத்தின் முடிவை எது தீர்மானிக்கிறது? இப்சனின் இரண்டு நாடகங்களை அடுத்தடுத்துப் படியுங்கள். ‘பொம்மை வீடு’ (1879) நாடகத்தில் நோரா யோசிக்கிறாள், முடிவெடுக்கிறாள், கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். சமூகம் அவளை நெருக்குகிறது, ஆனாலும் முடிவு அவளுடையது. ‘பேய்கள்’ (1881) நாடகத்தில் ஆஸ்வால்டின் நோய் அவன் பிறப்பதற்கு முன்பே முடிவானது. தகப்பனின் வாழ்க்கை மகனின் மூளையைத் தின்கிறது; அவன் என்ன யோசித்தாலும் தப்ப முடியாது. ஒரே ஆசிரியர், இரண்டு ஆண்டு இடைவெளி. முதலாவது யதார்த்தவாதம், இரண்டாவது இயற்கைவாதத்துக்கு மிக அருகில்.

பரம்பரை, சூழல், உடல் என்ற மூன்றும் மனிதனின் விருப்பத்தை அமுக்கிவிட்டால் அது இயற்கைவாதம். ஜோலா 1871 முதல் 1893 வரை இருபது நாவல்களில் ஒரே குடும்பத்தின் கிளைகளைத் தொடர்ந்து போனது இதற்காகத்தான். இருபதையும் படிக்க வேண்டியதில்லை. அந்தக் குடும்ப மரத்தின் படத்தை மட்டும் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

8. கவிதை இயக்கங்களைக் காதால் படியுங்கள்

குறியீட்டியலை மொழிபெயர்ப்பில் மட்டும் படித்தவர்கள் ‘தெளிவில்லாத சோகக் கவிதைகள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. வெர்லேனுக்கு இசைதான் முதலில், பொருள் அப்புறம். அவருடைய ‘இலையுதிர்காலப் பாடல்’ பிரெஞ்சு ஒலிப்பதிவுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் கேளுங்கள். மூக்கொலி கலந்த ஒரே நீண்ட உயிரொலி அடுத்தடுத்த சின்ன அடிகளில் திரும்பத் திரும்ப வருவது காதில் விழும். அது விழுந்த பிறகு மொழிபெயர்ப்பைப் படித்தால், எது தொலைந்தது என்று உங்களால் சொல்ல முடியும். விடையில் அதையே எழுதலாம்.

9. 1909-க்குப் பிறகு வேகமாகப் போங்கள், ஆனால் ஒன்றாகக் கட்டாதீர்கள்

நவீனத்துவம் என்ற ஒரே பெட்டிக்குள் எதிர்காலவாதம், வெளிப்பாட்டியல் (எக்ஸ்பிரஷனிசம்), தாதா, சர்ரியலிசம் எல்லாவற்றையும் திணிப்பது இங்கே நடக்கும் பிழை. போரை வைத்துப் பிரித்தால் சுலபம். மரினெட்டி 1909-ல் இயந்திரத்தையும் வேகத்தையும் போரையும் கொண்டாடினார். அந்தப் போர் உண்மையிலேயே வந்த பிறகு, 1916-ல் நடுநிலை நாடான ஸ்விட்சர்லாந்தின் ஸூரிக் நகரில் ‘கபரே வால்டேர்’ என்ற சிறு அரங்கில் கூடியவர்கள், இப்படிப்பட்ட நாகரிகத்தின் மொழியே எங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தமற்ற ஒலிகளை ஓதினார்கள். அது தாதா. அதிலிருந்து பிரிந்தவர்கள் கனவையும் நனவிலி மனத்தையும் பிடித்துக்கொண்டபோது சர்ரியலிசம்.

‘யுலிசிஸ்’ஸும் எலியட்டின் ‘பாழ்நிலம்’ கவிதையும் வந்த 1922-ஐச் சார்ட்டில் வட்டமிடுங்கள். ப்ரூஸ்ட் இறந்ததும் அந்த ஆண்டில்தான். பின்நவீனத்துவத்தை உங்கள் பாடத்திட்டம் கேட்டால் மட்டும் சேருங்கள். இத்தாலிய எழுத்தாளர் கால்வினோவின் ஒரு நாவல் போதும்.

10. தெரியாத பத்தியில் சோதியுங்கள், பிறகு விடை எழுதுங்கள்

நண்பர் ஒருவரை, ஆசிரியர் பெயரை மறைத்து ஒரு பத்தி எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். யார் சொல்கிறார், அவருக்கு எல்லாம் தெரியுமா? பணம், விலை, தொழில் பற்றிய விவரம் இருக்கிறதா? நடப்பதை நடத்துவது விருப்பமா, விதியா, ரத்தமா, தற்செயலா? மழையும் மலையும் வந்தால், அவை பாத்திரத்தின் மனநிலையைப் பேசுகின்றனவா அல்லது வெறும் மழையும் மலையுமா? கடைசியாக, இந்தப் பத்தி யாரைச் சீண்டுகிறது? முதல் நான்கும் சரியாக வந்தால் ஐந்தாவது தானாக வரும். முதலிலேயே ‘எந்த இயக்கம்?’ என்று கேட்டால் ஊகத்தில் முடியும்.

இப்போது பண்புப் பட்டியலை எழுதுங்கள், ஒவ்வொரு பண்புக்கும் எதிரே நீங்கள் படித்த ஒரு காட்சியோடு. காட்சி கிடைக்காத பண்பை அடித்துவிடுங்கள்.

தேர்வு விடையில் முதல் பத்தியில் மோதலையும் ஆண்டையும் நாட்டையும் வையுங்கள். இரண்டாவது பத்தியில் ஒரு காட்சி, நெருக்கமாக. பிறகுதான் பொதுப் பண்புகள். ‘இலக்கியம் காலத்தின் கண்ணாடி’ என்று தொடங்கும் முன்னுரைப் பத்திக்கு மதிப்பெண் கிடையாது. அந்த நேரத்தில் இன்னொரு காட்சி எழுதலாம். இயக்கத்துக்குப் பொருந்தாத எழுத்தாளர் ஒருவரையாவது குறிப்பிடுங்கள். ஸ்தெந்தால் நல்ல உதாரணம்: ‘எர்னானி’ கூச்சல் நடந்த அதே 1830-ல் அதே பாரிஸில் ‘சிவப்பும் கறுப்பும்’ வெளிவந்தது. அதன் நாயகன் ரொமாண்டிக், எழுத்தின் நடையோ யதார்த்தம்.

பிரான்ஸையும் இங்கிலாந்தையும் மட்டும் எழுதிவிட்டு அதை ‘ஐரோப்பிய இலக்கியம்’ என்று முடிக்காதீர்கள். ஒவ்வொரு விடையிலும் அந்த இரண்டுக்கும் வெளியே ஒரு பெயராவது இருக்கட்டும். யதார்த்தவாதத்துக்கு 1866-ஆம் ஆண்டின் ‘ரஷ்யத் தூதன்’ இதழ் போதும்: அந்த ஆண்டு அதில் ‘குற்றமும் தண்டனையும்’ தொடராக வந்துகொண்டிருந்தது, பின்னால் ‘போரும் அமைதியும்’ ஆகப்போகிற நாவலின் தொடக்கப் பகுதிகளும் அதே இதழில்தான்.